‘டோன்ட் லுக் பேக்’ ஸ்கோர்செஸி படம் இல்லைங்க

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனைப் பற்றிய ‘டோன்ட் லுக் பேக்’ ஆவணப்படத்தை, அவருடைய இசைத்தட்டு நிறுவனமான கொலம்பியா ரெக்கார்ட்ஸ் காசில் ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி எடுத்தார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு. இயக்குநர் டி. ஏ. பென்னிபேக்கர். டிலனின் 1965 இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 16 மி.மீ. கேமராவைத் தோளில் சுமந்து எடுத்தார், படத்தொகுப்பும் அவரே. அவரைத் தேடிப்போய் அழைத்தவர் டிலனின் மேனேஜர் ஆல்பர்ட் கிராஸ்மன். தயாரிப்பாளர் பட்டியலில் அவரும் ஜான் கோர்ட்டும் உண்டு. படத்தை எடுத்த கம்பெனி, பென்னிபேக்கரும் இன்னொரு ஆவணப்பட இயக்குநரான ரிச்சர்ட் லீக்காக்கும் சேர்ந்து நடத்தியது. 1967இல் படத்தை வெளியிட்டதும் அதுவே.

மேனேஜரே தயாரிப்பாளர் என்றால் விளம்பரப் படமோ என்று சந்தேகம் வரும்தான். ஆனால் டைம் பத்திரிகை நிருபரை டிலன் காய்ச்சி எடுக்கும் காட்சியை எந்த விளம்பரக்காரர் விட்டுவைப்பார்?

டிலனைப் பற்றி ஸ்கோர்செஸி எடுத்தது 2005இல் வந்த இன்னொரு ஆவணப்படமான ‘நோ டைரக்‌ஷன் ஹோம்’. அதில் பென்னிபேக்கர் பிடித்த காட்சிகள் நிறைய வரும். குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும்.