செல்யாபின்ஸ்க்கில் யார் தலையிலும் கல் விழவில்லை

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் எரிகல் பாய்ந்ததை கார் டேஷ்கேம்கள் பதிவு செய்த வீடியோ திரும்பவும் சுற்றுகிறது, கூடவே "வானத்திலிருந்து கல்மழை பொழிந்து 1,500 பேர் காயம்" என்ற வரியும். எண்ணிக்கை ஏறக்குறைய சரிதான். காரணம் தவறு.

சுமார் 20 மீட்டர் அகலமான அந்தக் கல் நொடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, தரைக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் மேலேயே வெடித்துச் சிதறிவிட்டது. வீடியோவில் சாலையைப் பாருங்கள், கம்பங்களின் நிழல் கடிகார முள்போல சட்டென்று சுழன்று போகும், ஆனால் சத்தமே இருக்காது. ஒளி உடனே வந்துவிடும், ஒலிக்கு அவ்வளவு தூரம் கடக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. ஆபத்து அந்த இடைவெளியில்தான் இருந்தது. என்ன வெளிச்சம் என்று பார்க்க ஜன்னலோரம் போய் நின்றவர்கள் மீது, அப்புறம் வந்த அதிர்வலை கண்ணாடியை உடைத்துக் கொட்டியது. காயங்களில் பெரும்பாலானவை அப்படி வந்தவை. ஒரு ஆசிரியை தன் வகுப்புப் பிள்ளைகளை மேசைக்கு அடியில் பதுங்கச் சொன்னார்; கண்ணாடி அவர் கையைத்தான் கிழித்தது, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்னொன்று, சிலர் சேர்த்துப் பகிரும் தீ எரியும் பள்ளம் துர்க்மெனிஸ்தானின் தர்வாசா எரிவாயுக் குழி, அது பல பத்தாண்டுகளாக எரிகிறது. இந்த எரிகல்லின் பெரிய துண்டு செபார்குல் ஏரியின் பனியைத் துளைத்து உள்ளே விழுந்தது, அக்டோபரில்தான் வெளியே எடுத்தார்கள். யாரும் சாகவில்லை. பகிர்ந்திருந்தால் அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள், வீடியோ உண்மையானதே.