எண்ணூர்க் காற்றுக்கும் ஒரு கூண்டு ஏற்ற வேண்டும்

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை எண்ணூரில் மீன் வாங்க நின்றிருந்தேன். வழக்கமாக எனக்கு மீன் கொடுக்கும் அக்கா என் கைப்பேசியை எட்டிப் பார்த்து, “இன்னா போட்டிருக்கு தம்பி?” என்றார். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் அருகிலுள்ள நிலையத்தின் காற்றுத் தரக் குறியீடு 92 என்று வெளிர்பச்சை நிறத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்த அதன் தரத்தை ‘திருப்தி’ என்று தமிழில் சொன்னேன். “கண்ணு எரியுது. யாருக்குத் திருப்தியாம்?” என்று கேட்டார்.

அந்த எண் பொய்யில்லை. எட்டு மாசுகளில் கிடைத்த அளவீடுகளைக் கொண்டு, மிக மோசமாக இருப்பது எதுவோ அதையே குறியீடாகக் காட்டுவதுதான் முறை. ஆனால் நுண்துகளுக்கும் அமோனியாவுக்கும் கணக்கில் எடுப்பது 24 மணி நேரச் சராசரி. அதிகாலையில் இரண்டு மணி நேரம் மூச்சை அடைத்த புகை, மீதி 22 மணி நேரத்தோடு கலந்து கரைந்துவிடும். அளக்கும் கருவியோ அக்காவின் தெருவில் இல்லை, வேறோர் இடத்தில் இருக்கிறது. ஆண்டுத் திட்டம் வகுக்கும் அதிகாரிக்குச் சராசரி போதும். மூச்சிரைப்புள்ள பேரனைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறவருக்கு அந்த நேரத்து அளவு வேண்டும். இரண்டும் ஒரே கருவியிலிருந்துதான் வருகின்றன.

இந்த நாட்டில் எதையும் அளப்பதில்லை என்ற பழைய குற்றச்சாட்டு இன்று பொருந்தாது. 1982ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு சுற்றுச்சூழல் தகவல் அமைப்பு ஒன்றைத் தொடங்கி, துறைவாரியாக மையங்களைப் பகிர்ந்தளித்தது. கோவையிலுள்ள சாலிம் அலி பறவையியல் ஆய்வு மையத்திடம் ஈரநிலத் தகவல்களைத் திரட்டும் பொறுப்பு வந்தது அப்படித்தான். வாரம் இருமுறை, ஆண்டுக்கு 104 நாள் கையால் மாதிரி எடுத்த நிலையங்களோடு இப்போது இடைவிடாது அளக்கும் தானியங்கி நிலையங்களும் சேர்ந்திருக்கின்றன. பெருமாசு உண்டாக்கும் 17 வகைத் தொழிற்சாலைகள் புகைபோக்கியிலும் கழிவுநீர் வாயிலிலும் தொடர் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய வாரியம் 2014இல் ஆணையிட்டது. அந்த அளவீடுகளை மாநில வாரியத்தின் இணையத்தளத்தில் மக்கள் பார்க்கும்படி வைக்க ஏற்பாடு செய்யுமாறு 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இவ்வளவையும் நான் மதிக்கிறேன். என் மனக்குறையெல்லாம் அளந்த பிறகு நடப்பதைப் பற்றியது.

2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை நெருங்கிய நேரத்தில் எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயிலிருந்து அந்த வாயு கசிந்தபோது, பெரியகுப்பத்தையும் சின்னகுப்பத்தையும் எழுப்பியது எந்த அறிவிப்பும் அல்ல, நெடிதான். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இருட்டில் ஓடினார்கள். காற்றில் அமோனியாவுக்கான 24 மணி நேர வரம்பு ஒரு கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராம் என்பது 2009 முதல் அரசாணையில் இருக்கிறது. ஆபத்தான இரசாயனங்களைக் கையாளும் நிறுவனம், விபத்து நேர்ந்தால் என்ன ஆகும், என்ன செய்ய வேண்டும் என்பதை மதிலுக்கு வெளியே வாழ்கிறவர்களுக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு விதிகளும் கூறுகின்றன. ஈரத்துணியால் மூக்கைப் பொத்துவதா, எந்தத் திசையில் ஓடுவது என்ற இரண்டு வரிகூடத் தெரியாமல் ஒரு குப்பமே தெருவில் நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதைக்கிறது.

முடிவெடுப்பவர்களின் கைக்குப் போகும் தகவலும் முழுமையானதல்ல. ஒரு திட்டத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்துக்குக் கூலி கொடுப்பவர் திட்டத்தைக் கொண்டுவருபவர்தான். அடிப்படை அளவீடுகளைப் பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த ஒரே பருவத்தில் எடுக்கிறார்கள். கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தைக் கோடையில் மட்டும் பார்த்தவருக்கு, ஐப்பசி கார்த்திகையில் அந்தத் தண்ணீர் எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது என்பது எப்படித் தெரியும்? அது தெரிந்தவர்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எதிரே அமர்ந்திருக்கும் மீனவர்கள். அவர்கள் கையில் இருப்பதோ தமிழில் ஒரு சுருக்கம் மட்டும். நான் போன ஒரு கூட்டத்தில் அந்தச் சுருக்கம், நீரின் தரம் ‘வரம்புக்குள் உள்ளது’ என்று ஒரே வரியில் முடித்திருந்தது. எந்த இடத்தில், எந்த நாளில், எவ்வளவு என்ற அட்டவணைகள் எல்லாம் ஆங்கிலப் பெருந்தொகுதியில் இருந்தன. பக்கத்தில் இருந்த பெரியவர் அதை மடியில் வைத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மேசையில் திருப்பி வைத்தார். 2020இல் தாக்க மதிப்பீட்டு விதிகளையே மாற்றும் வரைவு வந்தபோது, அதை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளில் மொழிபெயர்க்கும்படி தில்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 2005ஆம் ஆண்டு தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மக்கள் மனுப் போடும் தேவையே குறையும்படி அரசு அலுவலகங்கள் தாமாகவே தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. வட்டார மொழியையும், அந்த ஊருக்குச் சென்று சேரும் வழியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. அப்படியானால் மணிக்கொரு அளவு ரேஷன் கடை வாசலிலும் மீன் இறங்குதளத்திலும் தமிழில் பலகையில் ஓட வேண்டும். கருவி பழுதானால் பழுது என்றே காட்ட வேண்டும். பழைய அளவீடுகளை யார் வேண்டுமானாலும் தரவிறக்கிச் சரிபார்க்க முடிய வேண்டும். தாக்க மதிப்பீட்டின் அட்டவணைகள் முழுவதும், சுருக்கம் மட்டுமல்ல, தமிழில் வர வேண்டும்.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பாருங்கள். காற்றழுத்தத்தின் கணக்கு தெரியாத மீனவருக்கும் 3ஆம் எண் என்றால் என்ன, 10ஆம் எண் என்றால் என்ன என்பது தெரியும். கூண்டு ஏறியதும் படகைக் கரையேற்றிக் கட்டுகிறார். துறைமுக அதிகாரியும் அதே எண்ணைப் பார்த்துத்தான் கப்பலை வெளியே அனுப்புகிறார். கடலுக்குச் செய்ததை அதே கரையின் காற்றுக்கும் ஆற்றுக்கும் செய்யுங்கள் என்றுதான் மாவட்ட நிர்வாகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் இந்த வாரம் மனு எழுதியிருக்கிறேன். எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் உள்ளவர்கள் உங்கள் தெருவில் பலகை எங்கே வைத்தால் கண்ணில் படும் என்று கீழே எழுதுங்கள். அந்த இடங்களையும் மனுவோடு சேர்த்து அனுப்புகிறேன்.