கொத்தமல்லி வளர்ப்பது ரொம்பச் சுலபமாம்!

வீட்டுத்தோட்டம் போடப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், "கொத்தமல்லியில ஆரம்பிங்க, ரொம்ப சுலபம்" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வந்துவிடும். சுலபமாம்! கொளுத்தும் வெயிலில் அதை வளர்த்துக் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

முளைக்க வைப்பதே ஒரு பாடு. விதை என்று நாம் சொல்லும் அந்த உருண்டை உண்மையில் காய். உள்ளே இரண்டு விதை. லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ராத்திரி ஊறவைத்துப் போட்டாலும் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரத்துக்கும் மேல் உட்கார வேண்டும். சரி, அதுகூடப் பரவாயில்லை. இனி கிள்ளலாம் என்று கை நீட்டும் நேரம் பார்த்து நடுவிலிருந்து ஒரு தண்டு விறுவிறுவென்று ஏறும். அகல இலை நின்று நூல் நூலாக இலை வரும். அடுத்து வெள்ளைப் பூ. கதை முடிந்தது.

உடனே ஆளாளுக்கு ஒரு வைத்தியம். உரம் போடு, தண்ணீர் போதவில்லை, தண்டைக் கிள்ளிவிடு. கிள்ளினால் பக்கத்தில் இன்னொரு தண்டு கிளம்புகிறது! ஐயா, அது குளிர்ந்த பருவத்துப் பயிர். வெப்பம் ஏறி பகலும் நீண்டால் விதை கட்டிவிட்டுப் போய்ச் சேரத்தான் பார்க்கும். இதை முதலிலேயே சொன்னால் என்ன குறைந்துவிடும்? பாக்கெட் முழுக்கப் பச்சைப்பசேலென்று படம் போடத் தெரிந்தவர்களுக்கு, பின்பக்கம் "கடும் வெயிலில் விதைக்காதீர்கள்" என்று ஒரு வரி அச்சடிக்க இடமில்லையா?

நாற்று விற்பவர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆணிவேர்ச் செடி, இடம் மாற்றினாலே அதற்கு ஆகாது. அதைப் போய்ச் சின்னத் தொட்டியில் நெருக்கியடித்து விற்கிறார்கள்.

அறுவடைக்கு வந்தால், "வெட்ட வெட்டத் தழையும்" என்று இன்னொரு புளுகு. அடியோடு குருத்தையும் சேர்த்து வெட்டினால் எங்கிருந்து தழையும்? வெளி இலைகளை மட்டும் எடுத்து, நடுக்குருத்தை விட்டுவைத்தால் சில முறை கிடைக்கும், அவ்வளவுதான். தொடர்ந்து இலை வேண்டுமென்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வெயில் குறைந்த இடத்தில், புதிதாக விதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குப் பெயர் சுலபமா?

"பூத்தா என்ன, மல்லி கிடைக்குமே" என்று ஆறுதல் வேறு. எனக்கு வேண்டியது இலை! "சீக்கிரம் பூக்காத ரகம்" என்று ஒன்றையும் விற்கிறார்கள். அதுவும் பூக்கிறது, கொஞ்ச நாள் தள்ளி.