ஒரு நேரத்தில் ஒரே குண்டு

காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் இயந்திரங்களின் விண்கல விளையாட்டுகளை மறுஆக்கம் செய்பவர்கள் பெரும்பாலும் படத்தைத்தான் புதுப்பிக்கிறார்கள், விளையாட்டின் விதியைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எனது நெடுநாள் குறை. கோள்கள் முப்பரிமாணத்தில் சுழல்கின்றன, பின்னணி இசை முழங்குகிறது, ஒரு கலம் வெடித்தால் திரை முழுக்கத் தீப்பொறி பறக்கிறது. இத்தனையும் இருந்தும் சற்று நேரத்தில் அலுத்துவிடுகிறது. வரிசையாக இறங்கிவரும் எதிரிகளைக் கீழிருந்து சுடும், 1978ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸோ இன்றும் ஆளை விடுவதில்லை. அதற்குப் பழைய நினைவுகள் மட்டும் காரணம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

டைட்டோ நிறுவனத்துக்காகத் தோமோஹிரோ நிஷிகாடோ ஏறக்குறையத் தனியொருவராக உருவாக்கிய அந்த விளையாட்டில், நாம் சுட்ட குண்டு ஒரு நேரத்தில் ஒன்றுதான் திரையில் இருக்க முடியும். அது எதன் மீதாவது பட வேண்டும், இல்லையென்றால் மேல்விளிம்பு வரை போய் மறைய வேண்டும். அதுவரை பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அடுத்த குண்டு கிளம்பாது. குறி தவறினால் காத்திருக்க வேண்டியதுதான், அந்தக் காத்திருப்பில்தான் உயிர் போகும். ஆனால் எதிரிகள் கீழே இறங்க இறங்கக் குண்டு பறக்க வேண்டிய தூரம் குறைவதால், அடுத்த குண்டும் விரைவாகக் கிடைக்கிறது. ஆபத்து நெருங்கும்போது நம் கைக்கும் வேகம் கூடுகிறது. எழுபதுகளின் கடைசியில் கடைத்தொகுதிகளில் நின்று காசு போட்டு ஆடியவர்களுக்கு இதை யாரும் விளக்கவில்லை, விரலே கற்றுக்கொண்டது.

வேகத்தின் கதையும் இப்படிப்பட்டதுதான். 5 வரிசைகளில் 55 எதிரிகள் நிற்கிறார்கள். திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது அந்த இயந்திரம் ஓர் எதிரியை மட்டுமே நகர்த்துகிறது, ஆகவே முழுப் படையும் ஓரடி எடுத்துவைக்க ஏறத்தாழ ஒரு வினாடி ஆகிறது. எதிரிகள் குறையக் குறைய மிஞ்சியவர்களின் முறை சீக்கிரம் வந்துவிடுகிறது, கடைசி எதிரி பாய்ந்தோடுகிறான். இன்டெல் 8080 சில்லின் திறன் குறைவாக இருந்ததால் நேர்ந்த இந்த விளைவை நிஷிகாடோ திருத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டார். இன்றைய சில்லுகளுக்கு அந்தத் திணறல் கிடையாது. அதை வேண்டுமென்றே எழுதிச் சேர்க்க வேண்டும். சேர்க்காத மறுஆக்கங்களில் எதிரிகள் அணிவகுப்புபோல ஒரே சீராக நகர்கிறார்கள், கடைசி எதிரியிடம் எந்தப் பதற்றமும் இல்லை.

என் அக்கா மகன் எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியில் ஆடும் இலவச விண்கல விளையாட்டை எட்டிப் பார்த்தேன். பொத்தானே இல்லை, விரல் திரையில் பட்டிருக்கும்வரை குண்டு மழையாகக் கொட்டிக்கொண்டே இருக்கிறது, அவனுடைய கட்டைவிரலே அவனுடைய கலத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது. பழைய ஸ்பேஸ் இன்வேடர்ஸை அவனிடம் கொடுத்தபோது, “மாமா, ஏன் ஒண்ணுதான் போகுது? அப்கிரேட் பண்ண முடியாதா?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான். பத்து ஆண்டுகளாக அவனுக்குக் கிடைத்ததெல்லாம் அந்த மாதிரிதானே!

நாம்கோ நிறுவனம் 1981ல் வெளியிட்ட கேலகா என்ற விண்கல விளையாட்டில் இரட்டைக் கலம் உண்டு; ஆனால் அது சும்மா கிடைக்காது. மேலே நிற்கும் தலைமை எதிரி இறங்கிவந்து ஒளிக்கற்றையை விரிக்கும்போது நம் கலத்தை நாமே பிடிகொடுக்க வேண்டும். அது கடைசி உயிராக இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். பிறகு சிறைப்பட்ட கலத்தின் மேல் படாமல், பிடித்தவனை மட்டும், அவன் பாய்ந்து வரும் நேரம் பார்த்துச் சுட வேண்டும். மீட்ட கலம் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டதும் சுடும் திறன் இரட்டிப்பாகிறது, அதோடு அடிபடக்கூடிய அகலமும் இரட்டிப்பாகிறது. ஒரு லாபத்துக்குள் இத்தனை நட்டங்களைப் பொதிந்துவைத்த அந்த மூளைக்கு முன்னால், 4 வெள்ளி 98 காசுக்கு இரண்டாவது துப்பாக்கியை விற்கும் செயலி எனக்கு அற்பமாகத் தெரிகிறது.

அப்படியானால் மூலத்தை அப்படியே ஆடினால் போதாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். ஹேம்ஸ்டர் நிறுவனத்தின் ஆர்கேட் ஆர்கைவ்ஸ் வரிசை 2014 முதல் பழைய ஆட்டங்களை அப்படியே மறுவெளியீடு செய்துவருகிறது, நானும் வாங்குகிறேன். ஆனாலும் நெட்டுவாக்கில் நின்ற திரைக்காக வரைந்த ஆட்டத்தை அகலத் தொலைக்காட்சியில் போட்டால் இரு பக்கமும் கறுப்புப் பட்டைதான் மிஞ்சும், பொத்தான் அழுத்தியதற்கும் திரை அசைவதற்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத தாமதமும் சேர்ந்துகொள்ளும். மூலத்தைக் காப்பது அவசியம். ஆனால் அது அருங்காட்சியகத்தின் வேலை. மறுஆக்கத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

அந்த வேலையைச் சரியாகச் செய்ததற்கு நான் முதலில் காட்டுவது 2008ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் எக்ஸ்ட்ரீம். அது குண்டுக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டு, அந்த இடத்தில் வேறொரு கட்டுப்பாட்டை வைத்தது: ஒரே நிறத்து எதிரிகளைத் தொடர்ந்து வீழ்த்தினால்தான் சிறப்பு ஆயுதம் கிடைக்கும். கண்ணை மூடிக்கொண்டு சுடுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் யோசிக்கவைத்த பழைய பழக்கம் வேறு உருவில் திரும்பி வந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்ஃபினிட்டி ஜீன் கறுப்பு வெள்ளையில், இடமும் வலமும் மட்டுமே நகரும் கலத்தோடு தொடங்கி, கலத்தைச் சிறிது சிறிதாக அவிழ்த்துவிடுகிறது. விடுதலை மெல்ல வருவதால் அதன் அருமை தெரிகிறது.

ஆர்-டைப் டைமென்ஷன்ஸ் பற்றி எனக்கு இரண்டு மனம். 1987ல் வந்த ஆர்-டைப் என்ற விண்கல விளையாட்டையும் அதன் இரண்டாம் பாகத்தையும் சேர்த்து 2009ல் வெளியிட்டார்கள். ஆட்டத்தின் நடுவிலேயே ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய படமும் புதிய முப்பரிமாணப் படமும் மாறி மாறி வரும், ஆட்டம் இம்மியும் மாறாது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் அதிலேயே உயிருக்கு எல்லையற்ற ஒரு முறையும் இருக்கிறது. செத்த இடத்திலேயே எழுந்து நடந்தால் ஆர்-டைப்பின் அந்தக் குறுகிய சந்துகளுக்கு என்ன பொருள்?

பழைய கடுமை காசு பிடுங்கத்தானே என்று ஒரு வாதம் உண்டு, அதில் உண்மையும் உண்டு. சீக்கிரம் சாகடித்தால்தான் அடுத்த காசு விழும். ஆனால் போட்ட காசுக்கு எல்லோருக்கும் ஒரே கலம், ஒரே குண்டு. மதிப்பெண் பட்டியலில் மேலே நிற்பவர் உண்மையிலேயே நம்மைவிட நன்றாக ஆடியவர். ஆயுதத்தை விலைக்கு விற்கும் இன்றைய விளையாட்டுகளின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.