180 வோல்ட்டில் ஒரு கிட்டார்

கிட்டார் ஆம்பில் (ஒலிபெருக்கியில்) ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூபில் பிறக்கும் டிஸ்டார்ஷன், அதாவது கிட்டாரின் கரகரப்புதான் அசல், அதற்கு முந்திய நிலையான பிரீஆம்பில் பிறப்பது போலி என்ற பேச்சு யாங்கோனில் கிட்டார் பழகும் நம் பிள்ளைகளிடையே பரவிக் கிடக்கிறது. அதை நம்பிக் கடன் வாங்கியாவது 100 வாட் ஆம்ப் வாங்கிவிட வேண்டும் என்று அலைகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. இருபது ஆண்டுகளாகத் திருமணக் கச்சேரிகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசித்து வருகிறவன் என்ற முறையில், அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிரீஆம்பில் பெரும்பாலும் இருப்பது 12ஏஎக்ஸ்7 என்னும் சிறிய டியூப் (வெற்றிடக் குழாய்). ஐரோப்பியர் அதையே இசிசி83 என்பார்கள். ஒரே கண்ணாடிக்குள் ட்ரையோடு எனப்படும் பெருக்கும் உறுப்புகள் இரண்டு இருக்கும். ஒவ்வொன்றின் பெருக்கக் காரணியும் 100. ஒன்று பெருக்கியதை அடுத்தது வாங்கி மேலும் பெருக்க, தாங்கும் அளவைத் தாண்டியதும் அலையின் தலை வெட்டுப்படுகிறது. மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சமமாக வெட்டுப்படாததால் இரட்டைப்படை ஹார்மோனிக்குகளும் (மூல ஸ்வரத்தின் 2, 4 மடங்கு அதிர்வெண்களும்) ஒலியில் சேர்ந்துகொள்கின்றன. இந்த நிலைகளை அடுக்கி, கடைசியில் மொத்தச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்டர் வால்யூம் வைத்து, சத்தத்தைக் குறைத்தாலும் டிஸ்டார்ஷன் குறையாத ஆம்புகளை 1970-களில் மேசா பூகி நிறுவனம் செய்தது; 1975-இல் மார்ஷலும் மாஸ்டர் வால்யூம் ஆம்பைக் கொண்டுவந்தது. வெட்டுப்படுவதற்கு முன்பே பேஸைக் குறைத்துக்கொள்ள முடிவதால், உள்ளங்கையால் தந்தியை அடக்கி வேகமாக வாசிக்கும்போது ஒவ்வொரு அடியும் குழம்பாமல் தனித்தனியாகக் கேட்கிறது. இதைப் போலி என்று ஒதுக்குவது நியாயமாகாது.

பவர் டியூப் வேறு விதமாக நடந்துகொள்கிறது. இஎல்34, 6எல்6 போன்ற டியூபுகள் இணையாக நின்று, அலையின் ஒரு பாதியை ஒன்றும் மறுபாதியை மற்றதும் தள்ளுகின்றன. இணைக்குள் பிறக்கும் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் பெருமளவு ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஒற்றைப்படை ஹார்மோனிக்குகளே மிஞ்சி நிற்கின்றன. என் காதுக்கு அதைவிட முக்கியமானது மின்சாரம் இறங்கி ஏறுவதுதான். ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் ரெக்டிஃபையர் டியூப் உள்ள ஆம்பில் தந்தியை ஓங்கி மீட்டிய கணத்தில் பவர் டியூபுகள் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கின்றன, உள்ளே வோல்டேஜ் சரிகிறது, ஸ்வரம் ஒரு நொடி அமுங்கிப் பிறகு மெல்ல மலர்கிறது. கிட்டாரின் வால்யூமைச் சற்றுக் குறைத்தால் போதும், ஒலி தெளிந்துவிடும்.

பிரீஆம்புக்கும் பவர் டியூபுகளுக்கும் நடுவே, அலையை எதிரெதிரான இரண்டாக்கி அந்த இணைக்குக் கொடுக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டர் என்றொரு நிலை இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பவர் டியூபின் இனிமை என்று நாம் புகழ்வதில் ஒரு பங்கு அங்கேதான் பிறக்கிறது. அதற்குப் பின்னால் மாஸ்டர் வால்யூம் பொருத்திய ஆம்பில் அதைக் குறைத்துப் பாருங்கள். பவர் டியூபுகள் சும்மா இருக்கும்போதும் அந்தக் கரகரப்பில் ஒரு பகுதி கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஆம்புக்கு வரும் மின்சாரம் ஒலியை எவ்வளவு மாற்றும் என்பதை எனக்கு உணர்த்தியது யாங்கோனின் தாம்வேயில் நடந்த ஒரு திருமணக் கச்சேரி. என் 50 வாட் ஆம்பின் சத்தம் கச்சேரிகளில் குறைகிறதென்று ஒரு கடையில் காட்டியபோது, இஎல்34 இரண்டும் தீர்ந்துவிட்டன என்று சொல்லிப் புது ஜோடியைத் தலையில் கட்டிவிட்டார்கள். புது டியூபுகளோடு மேடையேறிய அன்றும் ஒன்பது மணிக்கு மேல் மேடை மின்விசிறி தளர்ந்தது, டியூப்லைட் துடித்தது, என் ஆம்பும் தளர்ந்தது. டோலக் வாசிக்கும் மாமா, "தம்பி, டியூபைப் பார்த்தது போதும், பிளக்கைப் பாரு" என்றார். மீட்டரை வைத்தேன்: 230 இருக்க வேண்டிய இடத்தில் 180. மறுநாள் வீட்டில் ஸ்டெபிலைசர் போட்டுப் பழைய ஜோடியை மாட்டினேன். முழுச் சத்தமும் வந்தது.

ஆம்புக்குள் ஏற்றப்பட்ட 450 வோல்ட்டில் ஓட வேண்டிய பவர் டியூப் அந்த இரவு 350-ஐ ஒட்டி ஓடியிருக்கும். சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால் 50 வாட் ஏறத்தாழ 30 ஆகிவிடும். ஆனாலும் அன்று மெதுவான பாட்டுகளில் லீட் இழைந்து நீண்டதை என்னால் மறுக்க முடியாது. அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலனும் தம் மார்ஷலை, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் கொண்டு 120 வோல்ட்டுக்குப் பதில் 90-ஐ ஒட்டி ஓட்டியிருக்கிறார். அதைக் காட்டி ஸ்டெபிலைசரைக் கழற்றிவிடாதீர்கள்: டியூபைச் சூடாக்க 6.3 வோல்ட் வேண்டிய ஹீட்டருக்கும் 5-க்குக் கீழேதான் கிடைக்கும், அந்நிலையில் நெடுநாள் ஓட்டினால் டியூப் கெடும். மின்வெட்டில் இருளில் கிடந்த தெரு "மீ லா பீ" (கரண்ட் வந்துவிட்டது) என்று பர்மிய மொழியில் கூவும் கணத்திலும் ஆம்ப் ஆனில் இருக்கக் கூடாது. மின்சாரம் நிலைப்படும்வரை காத்திருங்கள்.

100 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் வித்தியாசம் 3 டெசிபெல்தான். நம் மண்டபங்களில் 100 வாட்டின் பவர் டியூபுகளை வெட்டுப்படும் அளவுக்குத் திறந்தால் பாடுகிறவரின் குரல் எங்கே கேட்கும்? அந்த ஒலிதான் வேண்டுமென்றால் இஎல்84 இரண்டு கொண்ட 15 வாட் ஆம்பை வாங்கி நன்றாகத் திறந்து வாசியுங்கள், மைக் வைத்துக்கொள்ளலாம். அதுவும் எங்கள் தெருவின் நான்காம் மாடிக்கு அதிகம் என்பதால், வீட்டில் நான் இரவு பழகுவது பிரீஆம்ப் டிஸ்டார்ஷனில்தான். மாஸ்டர் வால்யூம் ஒன்றரையைத் தாண்டுவதில்லை, கீழ்வீட்டு அக்காவின் குழந்தையும் விழிப்பதில்லை.