கவாத்து வருஷத்தில் வந்த துரை

கோத்தகிரியில் மூன்று நாளாக வெயிலே இல்லை. லீவுக்கு வந்த அக்கா மகன் ஸ்வெட்டருக்கு மேலே இங்கிலாந்து ஃபுட்பால் கிளப் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஜெர்சியை மாட்டிக்கொண்டு, "எங்க டீமைக் கெடுத்ததே அந்த மோயஸ்தான் மாமா" என்று ஆரம்பித்தான். மேனேஜர் மோயஸுக்கு வேலை போனபோது இவனுக்கு நாலு வயசு. யூடியூப் பார்த்து வந்த கோபம்.

எனக்கு அப்பா மேஸ்திரியாக இருந்த தேயிலை எஸ்டேட்தான் ஞாபகம் வந்தது. பேர் வேண்டாம். அங்கே மேனேஜராக இருந்த பெரிய துரை, ரிட்டையர் ஆகப்போகிற கடைசி இரண்டு வருஷம் கவாத்தை, அதாவது செடியின் தலையை வெட்டிக் குட்டையாக்குகிற வேலையைத் தள்ளிப்போட்டார். கவாத்து வெட்டினால் அந்தத் தேயிலைக் காட்டில் சில மாசம் கொழுந்து கிடையாது, வெறும் குச்சிதான் நிற்கும். வெட்டாவிட்டால் கணக்கில் கிலோ குறையாது. ரெக்கார்டு மகசூலோடு, மாலை சால்வையோடு போனார். செடியோ பெண்களின் நெஞ்சுக்கு மேலே ஏறிவிட்டது. கையைத் தூக்கித் தூக்கிப் பறித்து, ராத்திரி அம்மா தோளில் தைலம் தேய்க்காத நாளில்லை. அடுத்து வந்த துரை வேறு வழியில்லாமல் கத்தியை எடுக்கச் சொன்னார். எடை படுத்துவிட்டது. "பழைய துரை இருந்தா இப்படி ஆகுமா?" என்று கேட்காத ஆளில்லை, எங்கள் அப்பா உட்பட.

மோயஸுக்கு முன்னால் யுனைடெட் மேனேஜராக இருந்த ஃபெர்குசன் செய்ததும் ஏறக்குறைய அதுதான் என்பது என் கட்சி. 26 வருஷம், 13 லீக் பட்டம். குறை சொல்ல நான் யார்? ஆனால் 2013-ல் 11 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த அந்த டீமைப் பாருங்கள். ஃபெர்டினாண்டுக்கு 34. கிக்ஸுக்கு 40 ஆகப்போகிறது. ஸ்கோல்ஸ் அவரோடேயே ஓய்வு. வான் பெர்சி அடித்த 26 கோல் இதையெல்லாம் மறைத்துவிட்டது.

அதற்காக மோயஸுக்கு வக்காலத்து வாங்கவில்லை. அவரும் வெட்டத்தான் செய்தார், வெட்டின இடம்தான் தப்பு. செடியை அப்படியே விட்டுவிட்டு, காடு தெரிந்த மேஸ்திரிகளை மாற்றினார். ஃபீலன், மியூலன்ஸ்டீன், ஸ்டீல் என்று பழைய பயிற்சியாளர்கள் போனார்கள். தன் பழைய கிளப்பான எவர்ட்டனிலிருந்து தன் ஆட்களைக் கூட்டி வந்தார். 2014 பிப்ரவரியில், பட்டியலில் கடைசியில் கிடந்த ஃபுல்ஹாம், யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுக்கு வந்தது. யுனைடெட் 80-க்கும் மேலே கிராஸ் போட்டது. ஓரத்திலிருந்து தூக்கிப் போடு, மறுபடி தூக்கிப் போடு. ஒழுகுகிற கூரைக்குக் கீழே விடிய விடியப் பாத்திரம் மாற்றி வைப்பது மாதிரி இருந்தது. இஞ்சுரி டைமில் ஃபுல்ஹாம் கோல் போட்டு 2-2. அன்றைக்கு ஃபுல்ஹாம் மேனேஜர் யார் தெரியுமா? அதே மியூலன்ஸ்டீன்.

ஏப்ரல் 22-ம் தேதி மோயஸை அனுப்பிவிட்டார்கள். ஆறு வருஷ ஒப்பந்தம், பத்து மாசம்கூட முழுசாக ஓடவில்லை. அவரைக் கைகாட்டின ஃபெர்குசன் அந்த சீசன் முழுக்க மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், எதிரே அவர் பேரிலேயே ஒரு ஸ்டாண்டு. யாருக்குத்தான் கை நடுங்காது?

லிவர்பூல் கிளப்பிலும் இந்தத் தொல்லை இருந்தது. 1974-ல் விலகின மேனேஜர் ஷாங்க்லி அப்புறமும் பயிற்சி மைதானத்துக்கு வந்து நிற்பார். ஆட்டக்காரர்கள் தவறாமல் அவரைத்தான் 'பாஸ்' என்பார்கள். ஆனால் அடுத்து வந்த பேஸ்லி, ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் அதே கிளப்பில் கிடந்தவர். எந்தச் செடி எப்போது துளிர் விடும் என்று தெரியும். முதல் சீசனில் பெரிய கோப்பை எதுவும் இல்லை. பொறுத்தார்கள். ஒன்பது வருஷத்தில் ஆறு லீக், மூன்று ஐரோப்பியக் கோப்பை.

எங்கள் எஸ்டேட்டில் பொறுக்கவில்லை. கவாத்து வெட்டின துரையை மாற்றிவிட்டார்கள். மறு வருஷம் அதே காட்டில் கொழுந்து பிய்த்துக்கொண்டு வந்தது. சால்வை மூன்றாவதாக வந்த துரைக்கு.

இவ்வளவையும் அக்கா மகனிடம் சொன்னேன். டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டான். கடைசியில், "எல்லாம் சரி மாமா, மோயஸ் எவர்ட்டன்ல இருந்து வாங்கின அந்த ஃபெல்லைனிக்கு எதுக்கு இரண்டே முக்கால் கோடி பவுண்டு?" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.