சாவிச் சின்னம் எந்தக் கட்சி?

மலேசியத் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் சுயேச்சையாகச் சட்டமன்றத்துக்கு நிற்கலாமே என்கிறது ஒரு கட்டுரை. சரி, இப்போது 18 வயதே போதும். ஆனால் வைப்புத்தொகை 5,000 ரிங்கிட். பதிவான ஓட்டில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் போனதுதான்.

சிலாங்கூரில் எங்கள் பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) பக்கம், சாவிச் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற ஒரு நண்பருக்காக நானும் அலைந்திருக்கிறேன். பேனர் கட்டிய ஏணிகூட என் வீட்டு ஏணிதான் (இன்னும் திரும்பி வரவில்லை). லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி, நோட்டீசைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “சாவியா? அது எந்தக் கட்சி தம்பி?” என்றார். கட்சி இல்லை என்றோம். “அப்புறம் எங்க ரோட்ட யாரு போடுவா?” என்றார். நண்பரிடம் பதில் இல்லை. டெபாசிட்டும் மிஞ்சவில்லை.